கண்ணாடி டப்பாவில் மையம் கொண்ட புயல்

காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, மணி அடித்ததும் அதை மறந்து வீட்டுக்குப் போனவர்கள் புண்ணியவான்கள். நான் மறக்கவில்லை. அதனால்தான் என் தங்கை நிவேதாவின் நிச்சயதார்த்தம் ஓடுகிற பஸ்ஸில் நடந்தது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனால் நான் சொல்லாவிட்டால் நிவேதா சொல்லிவிடுவாள். அவள் சொல்லும் கதையில் நான் இன்னும் பெரிய முட்டாள். எனவே முந்திக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. செங்கல்பட்டில் வீடு, பக்கத்திலேயே ஒரு ஐ.டி. அலுவலகத்தில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது என் தொழில். (சொந்தத் தப்பைக் கண்டுபிடிக்க யாரும் சம்பளம் கொடுக்கலை.) சனி, ஞாயிறு வந்தால் மாடி அறையில் சால்டரிங் ராடும் ஈயக்கம்பியுமாக உட்கார்ந்து, வீட்டில் யாரும் கேட்காத கருவிகளைச் செய்துகொண்டிருப்பேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தாகம் எடுத்தால் பாட்டுப் பாடும் தொட்டி ஒன்று. தண்ணீர் டாங்க் நிறைந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் பெட்டி ஒன்று. (செய்தி வரும்போது தண்ணி தெருவுக்கு வந்திருக்கும். அது வேற விஷயம்.)

இந்த வரிசையில்தான் காற்றழுத்த சென்சார் என் வாழ்க்கைக்குள் வந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. வெள்ளி நிறத்தில் ஒரு தகரப் பொட்டு, அதன் தலையில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதை அந்தத் துளை வழியாக அறிந்து எண்ணாகச் சொல்லிவிடும். விலை ஒரு தட்டு பிரியாணிக்கும் குறைவு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் இல்லையா, அதனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினால் படிக்குப் படி எண் இறங்கும். வாங்கிய அன்று எங்கள் வீட்டு மாடிப்படியில் நாற்பது முறை ஏறி இறங்கினேன். எங்கள் வீட்டுக் கழிவறை கீழே இருக்கிறது. அம்மா வேறு மாதிரி புரிந்துகொண்டு, மோரில் வெந்தயம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

அடுத்து அந்த எண்ணை உயரக் கணக்காக மாற்றி, எங்கள் வீடு கடல் மட்டத்திலிருந்து முப்பத்தெட்டு மீட்டர் உயரம் என்று அறிவித்தேன். மறுநாள் காலை அது முப்பதாகியிருந்தது. வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒரே ராத்திரியில் வீடு எட்டு மீட்டர் இறங்கிவிட்டதாக அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வூடு எறங்குனா எறங்கட்டும். நீ எறங்கிப் போயி பால் வாங்கினு வா."

நியாயமான மனிதன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் புயலுக்குப் போனேன்.

புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் இறங்கும் என்பது ரேடியோ கேட்கிற எல்லோருக்கும் தெரியும். நம் கடற்கரையில் சாதாரண நாளில் அந்த எண் ஆயிரத்து ஐந்து, ஆயிரத்துப் பத்து என்று இருக்கும். தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கு மளமளவென்று இறங்கினால் விபரீதம். அப்படி இறங்கினால் அலறுவதற்கு ஒரு சைரன் வாங்கினேன். அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஃபாக்டரிக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

கடற்கரையில் வைப்பதென்றால் உப்புக்காற்று பட்டுக் கம்பியெல்லாம் துருப்பிடித்துவிடும். அதற்கு ஒரு நல்ல பெட்டி தேவை. சமையலறையில் அம்மா குலாப்ஜாமூனுக்கென்றே வைத்திருந்த கண்ணாடி டப்பா கண்ணில் பட்டது. நான்கு பக்கமும் கிளிப் போட்டு, ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் டப்பா. கவிழ்த்தாலும் ஒரு சொட்டுப் பாகு வெளியே வராது. மூடியில் துளை போட்டு சைரனுக்கு வயர் எடுத்தேன். பிறகு அந்தத் துளையையும் பசை வைத்து அடைத்தேன்.

அதாவது, வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவியை, வெளிக்காற்று நுழையவே முடியாத டப்பாவுக்குள் வைத்து மூடினேன். இதில் என்ன தவறு என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிவதற்கு ஒரு மண்டபத்தையே காலி செய்ய வேண்டியிருந்தது.

நிவேதாவும் அருணும் கல்லூரியிலிருந்தே காதலித்தவர்கள். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க அவர்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கடைசியாகச் சம்மதித்தவர் அருணின் அம்மா. அதுவும், தாம் பார்த்த நாளில் தாம் பார்த்த நேரத்தில் தட்டு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம், பதினொன்றரைக்குள். அதை விட்டால் ஆவணி. அதற்குள் அவர் மனசு மாறாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அருணின் அப்பா சுந்தரம் மாமா வேறு ரகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து கல்பாக்கம் குடியிருப்பிலேயே தங்கிவிட்டவர். முப்பது வருஷம் அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றிருந்தார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் பந்தி எங்கே என்று பார்ப்பார்கள். அவர் வெளியேறும் வழி எங்கே என்று பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதரின் மனதில் எப்படியாவது இடம் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

சதுரங்கப்பட்டினத்தில் கடலை ஒட்டி ஒரு சின்ன மண்டபம். கிளம்பும்போதே நிவேதா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் ஒயர் கியர் எதையும் எடுத்துகினு வராத." நான் கீழ்ப்படிந்தேன். என் கருவி பேட்டரியில் ஓடுவது, நீளமான ஒயர் எதுவும் கிடையாது.

காலையில் போனதும் டப்பாவை மண்டபத்து மொட்டைமாடியில் கடலைப் பார்க்க வைத்தேன். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் டப்பாவுக்குள் இருந்த குட்டித் திரையில் எண்கள் மங்கலாக எரிந்தன. வெயிலில் நின்றபடியே மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றினேன். கண்ணாடியில் கை வைக்க முடியாத சூடு. உள்ளே இருந்த காற்றும் அதே சூடு. நான்கு கிளிப்பையும் டக் டக்கென்று போட்டு மூடினேன். அந்த நான்கு டக்கில்தான் புயல் உருவானது.

சுந்தரம் மாமாவிடம் கருவியைப் பற்றிச் சொன்னதும் அவர் கண் விரிந்தது. கொண்டுவாங்க பார்ப்போம் என்றார். மாப்பிள்ளை அறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அந்த மண்டபத்திலேயே ஏசி இருந்த ஒரே அறை அது. பட்டு வேட்டியில் அருண் வியர்த்துவிடக் கூடாது என்று பதினெட்டில் வைத்திருந்தார்கள். டப்பா இருந்தது ஏசிக்கு நேர் கீழே.

சூடான காற்றை அடைத்துவிட்டுக் குளிர வைத்தால் அதன் அழுத்தம் குறையும். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதில் நான் நல்ல மார்க் வேறு வாங்கியிருந்தேன்.

மாமா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஆயிரத்து நான்கு. ஆயிரத்து ஒன்று. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. சைரன் அலறியது. வெளியே ஐயர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தினார். அருண் கையிலிருந்த காபியைப் பட்டு வேட்டியில் ஊற்றிக்கொண்டான். நான் பாய்ந்து சைரனை அணைத்தேன். எண் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. எழுபது.

இது சரியாகக் காட்டுகிறதா என்று மாமா கேட்டார். தெரியவில்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். டப்பாவை வெளியே கொண்டுபோய்ப் பார்ப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் எனக்குள் பயத்தைவிட ஆனந்தமே அதிகமாக இருந்தது. எந்த வானிலை ஆய்வாளனும் கண்டுபிடிக்காத ஒன்றைக் குலாப்ஜாமூன் டப்பாவில் நான் கண்டுபிடித்துவிட்டேன். "நூத்துக்கு நூறு கரெக்ட், மாமா" என்றேன்.

அருண் தன் போனைக் காட்டினான். அதில் முழுச் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. அதெல்லாம் எங்கேயோ தூரத்தில் அளந்தது, இது இங்கேயே நின்று அளக்கிறது என்று அவன் வாயை அடைத்தேன். (பாவம், மச்சான். கடைசிவரை அவன் சொன்னதுதான் சரி.)

சுந்தரம் மாமா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தார்.

"இந்தக் கடல் ஒரு தடவ உள்ள வந்தத நான் பாத்திருக்கேன், தம்பி. அன்னைக்கு முன்னால சொல்ல ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ஒண்ணு சொல்லுது. நான் கேக்காம இருக்க முடியாது."

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மாமாவின் முப்பது வருஷ அனுபவம். மேடையேறி மைக்கை வாங்கினார். பதற்றம் வேண்டாம், ஓட வேண்டாம், நகைப்பெட்டி தவிர எதையும் எடுக்க வேண்டாம் என்று ரயில் அறிவிப்பு போன்ற குரலில் சொன்னார். பட்டுப்புடவைகள் இரண்டிரண்டாக வரிசை கட்டி வெளியே வந்தன. மண்டப வாசல் தென்னை மரத்தடியில் தலை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் குறைந்தார். சமையல் மாஸ்டர் தனபால்.

மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தனபால் பெரிய கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"புயலு வர்றப்ப வரட்டும் சார். அடுப்புல பாயசம் கீது. நா இப்ப நவுந்தன்னா அடிப்புடிச்சிரும்."

மாமா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் 'வெளியேற மறுத்தவர்: ஒருவர்' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், இவ்வளவு பட்டுப்புடவைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தார். மாமா அவரையும் எச்சரித்தார். அவர் திரும்பிக் கடலை நிதானமாகப் பார்த்தார். அலை கரையைத் தொடுவதற்கே சோம்பல்பட்டுக்கொண்டிருந்தது.

"கடலு எண்ணெ ஊத்துனாப்பல கீது. புயலு எதுல வந்துகினு கீது அண்ணாத்த, வண்டியிலயா?"

பெரும்புயலுக்கு முன்னால் இப்படித்தான் அமைதியாக இருக்கும் என்று நான் அவருக்கு விளக்கினேன். பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவருக்கு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வலைக்கே திரும்பிப் போனார்.

செங்கல்பட்டிலிருந்து நாங்கள் பேசிக் கொண்டுவந்திருந்த பஸ் தயாராக நின்றது. ஓட்டுநர் பெயர் ஏழுமலை. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பாராமல் கொள்ளும் மட்டும் ஏறினோம். மிச்சப் பேர் கார்களிலும் வேனிலும் பின்னால் வந்தார்கள். கடலை விட்டு உள்ளே, திருக்கழுக்குன்றம் சாலையில் பஸ் பறந்தது. டப்பா என் மடியில். மாமா என் பக்கத்தில்.

ஏசியை விட்டு வெயிலுக்கு வந்ததில் டப்பா மெல்லச் சூடேற ஆரம்பித்திருந்தது. அதனால் எண்ணும் ஏறியது. தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டுக்குப் போயிருந்தது ஐம்பத்திரண்டாகி, ஐம்பத்தேழானது. நாம் புயலை விட்டு விலகிக்கொண்டிருக்கிறோம் என்று மாமா எழுந்து அறிவித்தார். பஸ்ஸே கை தட்டியது. ஏழுமலை கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பெருமையாக வேகத்தைக் கூட்டினார். ஒரு பெரியம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். என் வாழ்க்கையிலேயே நான் மிக உயரத்தில் இருந்த பத்து நிமிஷம் அது.

அப்போதுதான் மூன்றாவது சீட்டிலிருந்து அழுகை கேட்டது. அருணின் அம்மா. மணி பதினொன்று பதினெட்டு. நல்ல நேரம் போகிறது, இது ஏதோ சகுனம், எனக்கு முதலிலிருந்தே மனசு சரியில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, பஸ்ஸில் கை தட்டல் அடங்கியது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷத்துப் பாடு அந்த அழுகையில் கரைந்துகொண்டிருந்தது.

நிவேதா எழுந்தாள். முழு அலங்காரத்தில், ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்தபடி பஸ்ஸின் நடுவே வந்து நின்றாள்.

"அத்தை, தட்டு இங்கதான் கீது. பத்திரிகை ஐயர் கையில கீது. நீங்களும் கீறீங்க, நானும் கீறேன். மண்டபம் எதுக்கு?"

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து, அருணின் அம்மா முன்னால் அவள் இலக்கணத் தமிழ்தான் பேசிக்கொண்டிருந்தாள். அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு ஐயரைப் பார்த்தார். ஓடுகிற பஸ்ஸில் செய்யலாமா என்று கேட்டார்.

ஐயர் கொஞ்சம் யோசித்தார். "பஸ்ல கூடாதுன்னு சாஸ்திரத்துல எங்கேயும் இல்லை. அப்போ பஸ்ஸே இல்லையே."

அவ்வளவுதான். இடைவழியில் இருந்தவர்களெல்லாம் சீட்டு மேல் ஏறி நின்று இடம் விட்டார்கள். வழியில் இரண்டு ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது, வரும்போது சொல்கிறேன் என்று ஏழுமலை குரல் கொடுத்தார். ஐயர் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு லக்னப் பத்திரிகையை வாசித்தார். முதல் ஸ்பீடு பிரேக்கரைச் சொன்னார் ஏழுமலை. இரண்டாவதைச் சொல்ல மறந்துவிட்டார். தட்டு கை மாறும் சரியான நொடியில் பஸ் ஒரு குதி குதித்தது. தேங்காய் உருண்டு ஓட்டுநர் காலடிக்குப் போனது. ஆப்பிள் ஒன்று ஜன்னல் வழியாகத் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனது. ஆனால் தட்டை மட்டும் இரண்டு அம்மாக்களும் விடவில்லை. நாதஸ்வரக்காரர்கள் வேனில் மாட்டிக்கொண்டிருந்ததால், கெட்டிமேளத்துக்குப் பதில் ஏழுமலை ஹாரனை அழுத்திப் பிடித்தார். மணி பதினொன்று இருபத்தாறு. எதிரே திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்தது. இத்தனை ஆட்கள் பஸ்ஸுக்குள்ளிருந்து அட்சதை போடுவதை, பக்கத்தில் மொபெட்டில் வந்த ஒருவர் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அருணின் அம்மா நிவேதாவின் தலையில் விழுந்த அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த நிம்மதியில்தான் என் அம்மா முதன்முறையாக என் மடியைப் பார்த்தாள்.

"இது இன்னாடா, என்னோட குலாப்ஜாமூன் டப்பா?"

பதில் சொல்வதற்குள் பிடுங்கிவிட்டாள். கிளிப்புகளை நீக்கினாள். மூடி வரவில்லை, உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்து ஓர் இழு இழுத்தாள். "டப்" என்று சத்தம். எண் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றிலிருந்து ஆயிரத்து நான்குக்கு ஒரே தாவலாகத் தாவியது.

அந்த டப்பில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சுந்தரம் மாமாவுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். அம்மாவிடமிருந்து டப்பாவை வாங்கி, கிளிப் போட்டு மூடினார். மூடியை உள்ளங்கையால் அழுத்தினார், எண் ஏறியது. கையை எடுத்தார், எண் இறங்கியது. நான்கு முறை அழுத்தினார். நான்கு முறையும் வானிலை மாறியது.

"தம்பி, இதுக்குள்ள வெளிக்காத்து எந்த வழியாப் போகும்?"

நான் டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், வழி இருப்பவன் போல. "போவாது மாமா."

"அப்போ புயல் இந்த டப்பாக்குள்ள மட்டும்தானா?"

"ஆமா மாமா."

பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்று பார்த்தேன். வேகம் அதிகமாக இருந்தது. மாமா சட்டையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அதே ரயில் அறிவிப்புக் குரலில், பாதுகாப்புப் பயிற்சி இத்துடன் நிறைவடைந்தது என்றார். மண்டபத்தைக் காலி செய்ய ஆன நேரம் பதினாலு நிமிஷம், பெண் வீட்டார் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்திருக்கலாம், ஒத்துழைப்புக்கு நன்றி. சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்து எட்டிப் பார்த்தேன். சத்தமே வராமல், கண்ணீர் வழிய, அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அருண் சிரித்தான். அருணைப் பார்த்து அவன் அம்மா சிரித்தார். காரணம் தெரியாமலேயே கடைசி சீட்டுவரை பஸ்ஸே சிரித்தது. ஏழுமலை மட்டும் கடுப்பாக இருந்தார்.

"இன்னா சார், அப்ப நா இவ்ளோ ஸ்பீடா ஓட்னது வேஸ்ட்டா?"

திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தோம். தனபால் இலை போட்டு வைத்திருந்தார். பாயசம் அடிப்பிடிக்கவில்லை. மாமா அவர் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். வலை பிரித்தவரையும் கூட்டிவந்து பந்தியில் உட்கார வைத்தோம். நிவேதாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணத்துக்கு நீ வரலாம், உன் பை வரக்கூடாது என்றாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் என் பையைச் சோதனை போட்டவர் சுந்தரம் மாமா.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இந்தக் கதை எங்கள் சொந்தக்காரர்கள் வாய் வழியாக ஊர் ஊராகப் போனது. போகிற வழியில் பஸ் உதிர்ந்தது, சைரன் உதிர்ந்தது, டப்பா உதிர்ந்தது. மூன்று வருஷம் கழித்துத் திண்டிவனத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, அங்கே வந்து சேர்ந்திருந்தது இவ்வளவுதான்: பையனுக்கு ஏசி காற்று பட்டால் போதும், பிரஷர் மளமளவென்று இறங்கிவிடும், ஒரு தடவை மண்டபத்தையே காலி செய்ய வேண்டியதாகிவிட்டது.

அது ரத்தத்தின் பிரஷர் அல்ல, காற்றின் பிரஷர் என்று விளக்க வாயெடுத்தேன். அப்படி விளக்கினால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். நோயாளி என்று நினைத்தும் பெண் கொடுக்கச் சம்மதித்தவர்கள், முட்டாள் என்று தெரிந்தால் கொடுப்பார்களா? வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது. கத்திரி வெயிலில் மாமியார் வீட்டுக்குப் போனாலும், நான் உள்ளே கால் வைத்ததும் மாமனார் ஓடிப்போய் ஏசியை அணைக்கிறார். மாமியார் எலுமிச்சைச் சாற்றில் ஒரு கை உப்பைப் போட்டு எடுத்துவந்து, முழுதும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். என் மனைவிக்கு உண்மை தெரியும். அவள் கதவோரம் நின்று, இன்னும் ஒரு டம்ளர் கொடும்மா என்கிறாள்.